கல்லடி வீட்டுக் குழு: கரண்ட் கார் எடுக்கலாமா

2025 செப்டெம்பர், ஞாயிறு இரவு

நான்: எல்லாருக்கும் வணக்கம். ஒரு விசயம் கேட்க வேண்டும், நக்கல் அடிக்காமல் பதில் சொல்லுங்கள். என் பழைய காரை 45 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். அதைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் ஒன்று எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்களுக்குத் தெரியும், நான் கல்லடியிலிருந்து கல்முனை வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 75 கிலோமீற்றர். பெற்றோலுக்கு மட்டும் மாதம் 35 ஆயிரம் போகிறது. சம்பளம் வந்ததும் முதல் செலவு அதுதான்.

அக்கா: எடு எடு. புகை இல்லை, சத்தம் இல்லை 👍

பெரியண்ணன்: தங்கச்சி அவசரப்படாதே. பற்றரி போனால் கார் வெறும் தகரம். மற்றது, கொழும்புக்கு எப்படிப் போவாய்? 300 கிலோமீற்றருக்கு மேல்.

நான்: புதுக் கார் ஒன்றுக்கு விலை கேட்டேன் அண்ணா. சீனக் கார், சின்னதுதான். கையில் வரும்போது ஒரு கோடியைத் தாண்டுகிறது.

பெரியண்ணன்: கோடியா!

கொழும்புத் தம்பி: 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, இந்த வருடம் பெப்ரவரியில்தானே தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள், அதுதான் இந்த விலை. மின்சாரக் காருக்கு உற்பத்தி வரியை மோட்டாரின் கிலோவாட்டை வைத்துப் போடுகிறார்கள், அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. விலையில் பெரிய பங்கு வரிதான். ஆனாலும் ஓடக் கஷ்டம் இல்லை அக்கா, என் கூட்டாளியின் காரில் போனேன், ஏசி போட்டுக்கொண்டு சும்மா மிதக்கிறது.

அக்கா: அம்மா கேட்கிறா, நடுவழியில் நின்றால் யார் தள்ளுவது என்று.

நான்: சின்னண்ணன் எங்கே? நாலு வருடமாக நிசான் லீஃப் மின்சாரக் கார் ஓடுகிறவர் நீங்கள்தானே, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்கள்.

சின்னண்ணன்: சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாறேன்.

சின்னண்ணன்: சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீளமாக இருக்கும். முதல் கணக்கு. மாதம் 22 நாள் என்றால் 1650 கிலோமீற்றர். உன் கார் லீற்றருக்கு 14 கொடுக்கிறது என்று நினைக்கிறேன், பெற்றோல் 300 ரூபாயைச் சுற்றி, அப்போ 35 ஆயிரம் சரிதான். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு ஆறரை கிலோமீற்றர் ஓடும், சார்ஜ் ஏறும்போது சூட்டில் வீணாகிறதையும் சேர்த்தால் மாதம் 280 யூனிட். நம்முடைய வீட்டு பில்லில் யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் என்பதால் நான் குறைத்துக் காட்டாமல் யூனிட் 60 ரூபாய் என்றே போடுகிறேன். 16,800. ஆகவே மாதம் மிச்சம் 18 ஆயிரத்துச் சொச்சம்.

சின்னண்ணன்: இப்போ கோடியைத் தாண்டுகிற அந்தக் காரைப் பார். உன் காரை விற்ற 45 போக இன்னும் 60 லட்சம் அளவில் வேண்டும். வருடம் மிச்சம் இரண்டே கால் லட்சம். லீசிங் வட்டி ஒரு சதமும் இல்லை என்று வைத்தாலும் அந்த 60 லட்சம் திரும்பி வர 27 வருடம். வட்டி வேறு. உன் ஓட்டத்துக்குப் புதுக் கார் பணத்தை மிச்சம் பிடிக்காது தங்கச்சி, அதை யார் சொன்னாலும் நம்பாதே. ஆசைக்கு எடுக்கிறாய் என்றால் அது வேறு கதை, அதில் பிழை இல்லை. மிச்சம் பிடிக்க எடுக்கிறாய் என்றால் எடுக்காதே.

நான்: 😔

பெரியண்ணன்: நான் சொன்னேன்தானே.

சின்னண்ணன்: பொறுங்கள் அண்ணன், நீங்கள் சொன்னது வேறு. நீங்கள் பற்றரியையும் கொழும்பையும் சொன்னீர்கள், அது இரண்டும் இவளுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. கொழும்புக்கு இவள் வருடத்தில் இரண்டு தரம் போவாள். அதற்கு உதயதேவி ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, உங்கள் வான் இருக்கிறது. இரண்டு பயணத்துக்காக மற்ற 363 நாளுக்கும் பெற்றோல் அடிப்பதா?

சின்னண்ணன்: நான் ஒரு முறை கொழும்புக்குக் கொண்டுபோனேன். இனி மாட்டேன். பொலன்னறுவை தாண்டி ஓர் இடத்தில் வேகச் சார்ஜர் இருக்கிறது என்று போனில் காட்டியது, போய்ப் பார்த்தால் வேலை செய்யவில்லை, பதில் சொல்லவும் ஆள் இல்லை. பொழுதும் பட்டுவிட்டது. ஹபரணைப் பக்கம் இரவில் யானை நிற்கும் பாதை, பத்து வீதம் சார்ஜை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு அந்தக் காட்டுக்குள் போக எனக்குத் துணிவு வரவில்லை. பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் அறை எடுத்து, அவர்களுடைய பிளக்கில் விடிய விடியப் போட்டு, அடுத்த நாள்தான் போனோம். மகள் இரவு முழுக்கக் காய்ச்சல். அந்த இரவை நான் மறக்கவில்லை.

அக்கா: அது நடந்ததை நீ எங்களுக்குச் சொல்லவே இல்லையே.

சின்னண்ணன்: அம்மா பயப்படுவா என்று சொல்லவில்லை.

கொழும்புத் தம்பி: வேகச் சார்ஜுக்கு அண்ணாவின் லீஃபில் இருப்பது சாடெமோ என்ற வகைப் பிளக். இப்போ வருகிற சீனக் கார்களுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ் 2 என்ற வேறு வகை. சார்ஜர் இருந்தாலும் நம் காருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் போக வேண்டும்.

நான்: அப்போ பழைய லீஃப் எடுத்தால்? ஒன்று 34 லட்சத்துக்கு இருக்கிறது. 2014, பற்றரி 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட் பிடிக்கும். பற்றரி நலத்தை மீற்றரில் காட்டுகிற 12 பாரில் (கோட்டில்) 9 பார் இருக்கிறது, நல்லது என்கிறார் விற்கிறவர்.

சின்னண்ணன்: 9 பார் நல்லதில்லை!! முக்கால்வாசி என்று நினைக்கிறாய், அப்படியில்லை. முதல் பார் விழும்போதே 15 வீதம் போய்விடும், மறுகா ஒவ்வொன்றும் ஆறு வீதத்துக்குச் சொச்சம். 9 பார் என்றால் 72 வீதத்துக்குக் கீழே. அந்தக் கார் புதிதாக இருந்தபோதே உண்மையாக ஓடியது 120, 130 கிலோமீற்றர். இப்போ 90 ஓடினால் பெரிது. ஏசி, மழை, பெரிய கல்லாற்றில் நெரிசல் என்று பார்த்தால் 75 ஓடி வீட்டு வாசலுக்கு வரும்போது உயிர் கையில் இருக்கும். இரண்டு வருடத்தில் அதுவும் இருக்காது.

சின்னண்ணன்: இன்னொன்று, அந்தப் பழைய லீஃபின் பற்றரியைக் குளிர்விக்க தண்ணீரோ விசிறியோ இல்லை. யப்பான் குளிருக்குச் சரி. நம்முடைய கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலில் நிறுத்தி, அந்தச் சூட்டோடு வேகச் சார்ஜும் அடித்தால் பற்றரி சீக்கிரம் தேயும். நான் மாமர நிழலில்தான் விடுகிறேன், இரவு ஆறின பிறகுதான் சார்ஜ்.

திங்கள் காலை

அக்கா மகன்: சின்னம்மா இப்போதான் பார்த்தேன், இரவு வயரிங் வேலையில் களுவாஞ்சிக்குடியில் நின்றேன். ஒன்று கேட்கிறேன், உங்கள் வீட்டு லைன் 30 அம்பியர் சிங்கிள் பேஸ்தானே?

நான்: ஓம் மகன்.

அக்கா மகன்: அப்போ 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் என்று யாரும் விற்க வந்தால் வேண்டாம். அது 32 அம்பியர் இழுக்கும், உங்கள் முழு லைனும் 30தான். பிரிஜ் ஓடும், மோட்டர் போடுவீர்கள், டிரிப் அடித்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஒரு நாளைக்கு 13 யூனிட் வேண்டும், சாதாரணமாக 10 அம்பியரில் போட்டாலே ஆறு மணித்தியாலத்தில் ஏறிவிடும். ஆனால் தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த் கம்பி, இந்த மூன்றும் இல்லாமல் போடவே கூடாது. மல்டி பிளக்கில் போடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறும்.

சின்னண்ணன்: மருமகன் சொல்வது முழுக்கச் சரி. என் முதல் பிளக் கருகியது அப்படித்தான். ஆறு மணித்தியாலம் விடாமல் இழுப்பதை வீட்டு பிளக் தாங்காது, கேத்தல் மாதிரி ஐந்து நிமிட வேலை இல்லை.

அக்கா மகன்: மற்றது, வீட்டுக்கு நேரத்துக்கு ஒரு விலை என்ற முறை ஒன்று இருக்கிறது, உங்கள் லைனுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை குறைந்த விலை. ஆனால் மாலை 6.30 இலிருந்து 10.30 வரை மிகக் கூடிய விலை, அந்த நேரத்தில் ஏசி, அயன் எல்லாம் போடுகிற வீட்டுக்கு அது அடி. பழைய பில் ஆறு மாதத்தையும் அனுப்புங்கள், நான் இரண்டு விதமும் போட்டுப் பார்க்கிறேன்.

பெரியண்ணன்: என் கூரையில் சோலார் இருக்கிறதே, அங்கே போடலாமே.

கொழும்புத் தம்பி: அக்கா பகலில் கல்முனையில், கார் கல்முனையில், சோலார் பெரியண்ணன் வீட்டில் 😊

பெரியண்ணன்: சனி ஞாயிறு போடலாம்தானே. எப்படியும் ஏப்ரல் சித்திரை லீவில் கரண்ட் பாவிப்புக் குறைவு, சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார்கள். நிறுத்தி வைப்பதை விடத் தங்கச்சியின் காருக்கு ஏறினால் எனக்குச் சந்தோசம்.

நான்: நன்றி அண்ணா ❤️

அத்தான்: மழைக்கு என்ன செய்வது? போன நவம்பர் வெள்ளத்தில் எத்தனை வாகனம் மூழ்கியது என்று பார்த்தோம்.

சின்னண்ணன்: அத்தான், பற்றரிப் பெட்டி மூடி அடைத்துத்தான் வருகிறது, மழையில் ஓடுவதற்கும் ரோட்டில் தேங்கிய தண்ணீருக்கும் பயமில்லை. ஆனால் கதவு மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிற இடத்தில் எந்தக் காரையும் விடக்கூடாது, இதை இன்னும் கூடுதலாக விடக்கூடாது. உள்ளே கம்பளம் நனைந்தால் அதற்குக் கீழே போகிற வயர்களும் பிளக்குகளும் உப்புப் பிடித்து மெல்ல மெல்லப் பழுதாகும், அதைத் திருத்த ஆள் தேடி அலைய வேண்டும். வெள்ளம் வரும் என்றால் முதல் நாளே நிறையச் சார்ஜ் போட்டு மேட்டில் விட்டுவிட வேண்டும். கரண்ட் எப்போ வரும் என்று யாருக்குத் தெரியும்.

அக்கா: கரண்ட் இல்லாவிட்டால் கார் இல்லை, அதுதான் எனக்குப் பயம்.

சின்னண்ணன்: அக்கா, 2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். ஆனாலும் மிச்ச நேரத்தில் ஏறியது. பெற்றோல்? அது நாள் கணக்கில் வரவில்லை. ஜூனில் லீற்றர் 470 ரூபாய், கியூஆர் அட்டைப் பங்கீடு வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த நேரம் அம்மாவைக் கிளினிக்குக்கு ஒரு தரம்கூடத் தவறாமல் கொண்டுபோனது என் லீஃப்தான். பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பிள்ளையை விடியச்சாமம் இரண்டு மணிக்குக் கொண்டுபோனதும் அதுதான். இந்தக் காரில் எனக்கு எத்தனை குறை இருந்தாலும் அந்த மூன்று மாதத்துக்காக அதை விற்க மனம் வராது.

அக்கா: அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது. "அது உண்மைதான் மனே" என்று சொல்லுறா.

நான்: அப்போ என்ன செய்வது, புதிதும் வேண்டாம், 34 லட்சத்து லீஃபும் வேண்டாம் என்றால்?

சின்னண்ணன்: நடுவில் ஒன்று இருக்கிறது. 2016 அளவில் வந்த 30 கிலோவாட் மணி லீஃப். புதிதில் 170 கிலோமீற்றர் ஓடியது, 80 வீதம் பற்றரி நலம் இருந்தால் இன்றைக்கும் 130 வரை ஓடும். உன் 75க்கு அது தாராளம், ஐந்தாறு வருடம் தேய்ந்தாலும் சமாளிக்கலாம். உன் காரை விற்கிற விலைக்குள் கிடைத்தால் மாதம் 18 ஆயிரம் உண்மையிலேயே உன் கையில் நிற்கும், கடன் இல்லை. எஞ்சின் ஒயில் இல்லை, பிரேக் தேய்வதும் குறைவு. 12 வோல்ட் சின்னப் பற்றரி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும், அது செத்தால் பெரிய பற்றரி நிறைய இருந்தாலும் கார் விழிக்காது.

சின்னண்ணன்: ஆனால் மீற்றரில் தெரிகிற பாரை நம்பி வாங்காதே. அதைக் கணினியால் அழித்து 12 ஆகக் காட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன், 12 பார் என்று வாங்கி மூன்று மாதத்தில் 10 ஆனது. லீஃப் ஸ்பை என்று ஒரு ஆப் இருக்கிறது, காரைச் சோதிக்கிற ஓபிடி பிளக்கில் சின்னக் கருவி போட்டால் பற்றரியின் உண்மை நலம், ஒவ்வொரு செல்லின் வோல்ட் எல்லாம் காட்டும். அதைப் பார்த்து, மறுகா 50 கிலோமீற்றர் ஏசியோடு ஓடிப் பார்த்து, எத்தனை வீதம் இறங்கியது என்று எழுதிக்கொள். பார்க்க விடமாட்டோம் என்றால் காசை எடுத்துக்கொண்டு திரும்பி வா.

புதன் மாலை

நான்: மனேஜரிடம் கேட்டேன். வேலைத்தலத்துக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் இருக்கிறது, தனியாக சப் மீற்றர் போட்டு மாதக் கடைசியில் யூனிட்டுக்குக் காசு கட்டினால் சம்மதம் என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

சின்னண்ணன்: அது பெரிய விசயம் தங்கச்சி! அங்கே மூன்று மணித்தியாலம் போட்டாலே வருகிற ஓட்டத்துக்குக் காணும். அப்போ பற்றரியை இறுதிவரை இறக்கத் தேவையில்லை.

பெரியண்ணன்: நான் எதிர்க்கவில்லை. ஆனால் லீசிங் எடுக்காதே, அது ஒன்றுதான்.

நான்: எடுக்கவில்லை அண்ணா. சத்தியம். 30 கிலோவாட் மணி ஒன்று ஏறாவூரில் இருக்கிறது, 46 சொல்கிறார். ஒரு லட்சம் நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா மகன்: சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை சின்னம்மா. ஓபிடி கருவி மாமாவிடம் இருக்கிறதா?

சின்னண்ணன்: இருக்கிறது. காலை ஒன்பதுக்கு கல்லடிப் பாலத்தடியில் நில், ஏற்றிக்கொள்கிறேன். திரும்பி வரும்போது சின்னம்மா வீட்டு எர்த்தையும் பார்த்துவிடு.

அக்கா: மத்தியானம் இங்கே சாப்பாடு. கொடுவா வாங்கி வைக்கிறேன்.