மைக் முன்னால் வாயடைத்துப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

பூதப்பாண்டியான்:
ஒன்பதாம் வகுப்பு. நவம்பர் 1, நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த இணைப்பு நாள் பேச்சுப்போட்டி. மேடைக்குக் கூப்பிட்ட ஆசிரியர், "மேடைப்பேச்சுக்குப் பேர்போன தோழர் ஜீவா பிறந்த ஊர்ப் பையன், இப்போ பாருங்க" என்றார். அதோடு போச்சு. "1956-இல்" என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. இணைப்புக்குப் போராடிய மார்ஷல் நேசமணி என்ற பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அன்றைக்கு அது எங்கே போனதென்றே தெரியவில்லை. உள்ளங்கையில் எழுதியிருந்தேன். பார்த்தால், வியர்வையில் நீல மை கரைந்து ரேகையெல்லாம் ஓடியிருந்தது. இப்போதும் ஆபீஸ் கூட்டத்தில் பேச எழுந்தால் கண் முதலில் உள்ளங்கைக்குத்தான் போகிறது.

கடற்கரைப் பிள்ளை:
எனக்கு மே 1 கிராம சபை. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டுப் பேச என்னை எழுப்பிவிட்டார்கள். கை நடுங்க, தாள் மைக்கில் பட்டுப் படபடவென்று சத்தம். என் குரலைவிட அதுதான் பெரிதாகக் கேட்டது. முன்னால் ஒரு பாட்டி, முந்தின ஆடியில் கடலேறி அடுக்களைச் சுவர் போனவள், "பேடிக்காண்டாம் மக்களே, எனக்குச் சொல்லு" என்றாள். தாளை மடித்துவிட்டு அவளிடமே சொன்னேன், தண்ணீர் எதுவரை ஏறியது, அடுப்பு எங்கே கிடந்தது என்று. கூட்டமே அமைதியாகிவிட்டது. பூதப்பாண்டி அண்ணே, மனப்பாடம் பண்ணாமல் போயிருந்தால் உங்களுக்கும் பேச்சு வந்திருக்கும்.

தக்கலை வாத்தியார்:
கடற்கரைத் தங்கச்சி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மனப்பாடம் தப்பில்லை, முழுவதையும் மனப்பாடம் பண்ணுவதுதான் ஆபத்து. ஒரு சொல் நழுவினால் பின்னால் வருவதெல்லாம் நழுவும். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மட்டும் வாயில் நிற்கட்டும். நடுவில் சொல்ல மூன்று குறிப்பு போதும், அதையும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் எழுதுங்கள். கை நடுங்கினாலும் அட்டை சத்தம் போடாது. உங்கள் முறை வருமுன் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடுகிற மூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும். நாக்கு வறள்வது உடம்பின் பதற்றம், அறிவுக்குறைவு இல்லை. 1892-இல் நம் குமரிப் பாறையில் தியானம் செய்த விவேகானந்தருக்கே மறு வருஷம் சிகாகோவில் நாக்கு வறண்டது. காலையில் பேசத் துணியாமல் மதியத்துக்கு மேல்தான் எழுந்தார், கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.
என் கதை சின்னது. பணி ஓய்வு விழா நன்றியுரையில் எல்லாரையும் சொல்லிவிட்டு அப்பாவைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அப்பா முன்வரிசையில் இருந்தார்.

பூதப்பாண்டியான்:
தங்கச்சி, போட்டியில் எனக்குப் பாட்டி இல்லை. பேனாவோடு மூன்று நடுவர்கள் இருந்தார்கள்.

மைக்செட் அண்ணன்:
மார்த்தாண்டம் பக்கம் மைக்செட் கட்டுகிறேன். மேடையில் நிற்பவருக்கு ஒரு நிமிஷமாகத் தெரிகிற மௌனம், கீழே இருக்கிற எனக்கு மூன்று நாலு விநாடிதான். எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு, ஒரு பிள்ளையைத்தான் மறக்க முடியவில்லை. திருவிழா மேடை, பத்து வயசு இருக்கும். பேசத் தொடங்கினாள், சத்தம் வரவில்லை. தொண்டையைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு தடவை முயன்றாள். அப்புறம் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். ஆம்ப்ளிஃபயரில் அந்த மைக்கின் சத்தத் திருகை நான் ஏற்றியிருக்கவில்லை. அடுத்த ஆள் வருமுன் ஏற்றிவிட்டேன். அவளிடம் போய்ச் சொல்லவில்லை. இப்போது இருபது வயசு தாண்டியிருக்கும். தன் குரல்தான் அன்றைக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.