செப்டம்பர்ல லே–லடாக், சொந்த கார்ல, அப்பா அம்மாவோட... இந்த பிளான் சரியா வருமா?

சேலத்து_டீசல்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் போஸ்ட். செப்டம்பர் முதல் வாரம் கிளம்பலாம்னு இருக்கோம், மொத்தம் 22 நாள் லீவு. டீசல் எஸ்யூவி, 5 பேரு: நான், வொய்ஃப், 9 வயசு பொண்ணு, அம்மா, அப்பா. அப்பாவுக்கு 63, பிபி மாத்திரை போடுறாரு, மத்தபடி தினம் 4 கி.மீ நடக்குற ஆளு. ரோடு பயம் எனக்கு இல்ல, கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவும் தூங்கி எழுந்து ஓட்டுற மாதிரி ஓட்டியிருக்கேன்.

பிளான்: டெல்லி, மணாலி (1 நைட்டு), நடுவழில சர்ச்சுங்கிற இடத்துல டென்ட்ல 1 நைட்டு, அடுத்த நாள் சாயங்காலம் லே. மறுநாள் காலையிலயே கர்துங் லா (லான்னா கணவாய்) ஏறி நுப்ரா பள்ளத்தாக்கு, அங்கிருந்து பாங்காங் ஏரி, திரும்பி லே, அப்புறம் கார்கில் ஸ்ரீநகர் வழியா கீழ. ஆக்சிஜன் கேன் 4 ஆர்டர் போட்டாச்சு. வேற என்ன எடுத்துக்கணும்?

மேகத்துக்கு_மேல:
நண்பா என்ன எடுத்துக்கணும்ங்கிறது அப்புறம், முதல்ல ரூட்டை அப்படியே திருப்பிப் போடுங்க. ஸ்ரீநகர் வழியா ஏறுங்க, மணாலி வழியா இறங்குங்க.

காரணம் சொல்றேன். மணாலி 6,700 அடி சொச்சம். சர்ச்சு 14,000 அடி. அதாவது ஒரே பகல்ல 7,000 அடிக்கு மேல ஏறி அங்கயே படுக்குறீங்க, நடுவுல பாராலாச்சா லா வேற, அது 16,000. முன்னாடியாச்சும் ரோத்தாங் கணவாய் ஏறி இறங்கி மெதுவா போகணும், 2020 அக்டோபர்ல அடல் டனல் திறந்ததுக்கு அப்புறம் 9 கி.மீ குகைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துடறோம், நேரம் மிச்சம்தான், ஆனா உடம்புக்கு அந்த அவகாசம் போச்சு. 3,000 மீட்டருக்கு மேல போனா ஒவ்வொரு ராத்திரியும் முந்தின ராத்திரியை விட சுமார் 500 மீட்டர்தான் கூட இருக்கணும்னு டாக்டர்ங்க சொல்ற கணக்கு. பகல்ல எவ்ளோ உயரம் தொட்டீங்கங்கிறதை விட ராத்திரி எங்க தலை சாய்க்கிறீங்கங்கிறதுதான் விஷயம்.

ஸ்ரீநகர் ரூட்ல பாருங்க, ஸ்ரீநகர் 5,200, கார்கில் 8,800, லே 11,500. படிக்கட்டு மாதிரி. நடுவுல சோஜி லா, ஃபோட்டு லா (13,479 அடி, அந்த ரூட்ல இதுதான் உச்சம்) வரும் ஆனா ஏறின உடனே இறங்கிடுவீங்க. டிராஸ்ல கார்கில் போர் நினைவிடம், அப்புறம் லாமாயுரு மடம், நிம்மு கிட்ட சிந்து ஆறும் ஜான்ஸ்கர் ஆறும் சேர்ற இடம்னு பார்க்கவும் நிறைய இருக்கு. அதுவும் போக நீங்க சேலம், NH44 உங்க ஊர் வழியாவே போகுது, கன்னியாகுமரில ஆரம்பிச்சு ஸ்ரீநகர்ல முடியுற ரோடு. வீட்டு வாசல்ல ஏறினா ஸ்ரீநகர்லதான் இறங்கணும்!

புல்லட்_பாண்டி:
+1 தல. கொல்லிமலையோட இதை ஒப்பிடாதீங்க சகோ, சர்ச்சு தாண்டி வர்ற காட்டா லூப்ஸ்ல வளைவு 21 தான், ஆனா வளைவு பிரச்சினையே இல்ல, காத்து இல்லாததுதான் பிரச்சினை.

நான் 2018ல பைக்ல நீங்க சொன்ன அதே ரூட்டு போனேன், வயசு 27, ஜிம் பாடி, எனக்கென்னன்னு நினைச்சேன். சர்ச்சு டென்ட்ல ராத்திரி 11 மணிக்கு தலைக்குள்ள யாரோ அம்மி அரைக்கிற மாதிரி வலி, வாந்தி, படுத்தா மூச்சு முட்டுது எழுந்து உக்காந்தா குளிரு, விடியுற வரைக்கும் எங்க அம்மாவை நினைச்சு அழுதேன் பொய் சொல்லல. கூட வந்த 45 வயசு தொப்பை மாமா குறட்டை விட்டு தூங்குறாரு. யாருக்கு வரும் யாருக்கு வராதுன்னு முன்கூட்டியே சொல்லவே முடியாது, தினம் 4 கி.மீ நடக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஆக்சிஜன் கேன் காசு வேஸ்ட்டு. சில லிட்டர்தான் இருக்கும், கொஞ்ச நேரத்துல தீர்ந்துடும், அதை நம்பி மேலயே உக்காந்திருக்கிறதுதான் ஆபத்து.

கோமதி_அக்கா:
தம்பி, போன வருஷம் எங்க அம்மாவை (66, சுகர், பிபி) கூட்டிட்டுப் போய் பத்திரமா திரும்பினேன், அதனால பெரியவங்களை விட்டுட்டுப் போங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி அப்பாவை அவர் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. டயமாக்ஸ் (உயரத்துல வர்ற இந்தத் தொந்தரவுக்குப் போடுற மாத்திரை) பத்தி அவர் கிட்டயே கேளுங்க, ஃபார்மசில நீங்களா வாங்கிப் போடாதீங்க, அது சிறுநீரை அதிகம் போக வைக்கிற மாத்திரை, பிபி மாத்திரையோட ஒத்துப் போகுமான்னு பார்க்கணும், சல்ஃபா அலர்ஜி இருந்தா அதையும் சொல்லணும்.

லேல போய் இறங்கின முதல் ரெண்டு நாள் எதுவும் பண்ணாதீங்க. சாந்தி ஸ்தூபா படி ஏறுறேன், மார்க்கெட் சுத்துறேன் ஒண்ணும் வேணாம். தண்ணி, சூப், தூக்கம், அவ்ளோதான். எங்க அம்மா முதல் நாள் பக்கெட்டைத் தூக்கினதுக்கே மூச்சு வாங்கினாங்க, மூணாம் நாள் கடைக்காரர் கிட்ட சால்வைக்கு பேரம் பேசிட்டு இருந்தாங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. லேசா தலைவலி எல்லாருக்கும் வரும். ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நடை தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, ராத்திரியா இருந்தாலும் கீழ இறங்கணும். பொண்ணு கிட்டயும் கேட்டுக்கிட்டே இருங்க, குழந்தைங்க தலைவலின்னு சொல்லாது, சாப்பாடு வேணாம்னு சிணுங்கும்.

அப்புறம் அரிசி எடுத்துட்டுப் போனா சின்ன குக்கரும் எடுத்துக்கோங்க. லேல தண்ணி 88 டிகிரி வாக்குலயே கொதிச்சிடும், திறந்த பாத்திரத்துல சோறு வேகவே வேகாது. நாலு நாள் துக்பா (அந்த ஊர் நூடுல்ஸ் சூப்) சாப்பிட்டதுக்கு அப்புறம் அம்மா வச்ச ரசம் இருக்கே, அதுக்கே இன்னொரு தடவை போகலாம்.

சேலத்து_டீசல்:
அய்யோ, இவ்ளோ இருக்கா. ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஆக்சிஜன் கேன் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன். புது பிளான்: ஸ்ரீநகர் 2 நைட்டு, கார்கில் 1, லே 3, கர்துங் லா தாண்டி நுப்ரா (ஹுண்டர்) 2, திரும்ப லே, அப்புறம் மணாலி வழியா இறக்கம். பாங்காங்ல தங்கலாமா? ஏரிக்கரைல சூரிய உதயம் பார்க்கணும்னு வொய்ஃபுக்கு ஆசை. வண்டி விஷயத்துலயும் ஏதாச்சும் சொல்லுங்க.

மேகத்துக்கு_மேல:
இப்ப சூப்பர். நுப்ரா 10,000 அடிதான், லேயை விட கீழ, அங்க நல்லா தூங்குவீங்க. கர்துங் லா 17,582 அடி, பழைய போர்டுல 18,380னு இருந்துச்சு அது தப்புக் கணக்கு. மேல 15 நிமிஷம், போட்டோ, டீ, இறங்கிடுங்க. பாங்காங் கிட்டத்தட்ட 13,900. அப்பாவுக்கு நுப்ராவுல எந்தத் தொந்தரவும் இல்லைன்னா மட்டும் ஒரு நைட்டு தங்குங்க, இல்லைன்னா லேல இருந்து சாங் லா வழியா விடிகாலைல கிளம்பி சாயங்காலம் திரும்பிடுங்க. நீளமான நாள்தான்.

வண்டி: டர்போ டீசல்னா சமாளிச்சிடும், ஆனா இழுவை குறையும், வண்டி கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க. இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுட்டு இருக்காம கியர்லயே இறக்குங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, இது நம்ம மலைல பழகினதுதான். நாலான்னு சொல்ற ஓடைங்க ரோட்டுக்குக் குறுக்க ஓடும், பனி உருகி மதியத்துக்கு மேல தண்ணி ஏறிடும், அதனால காலைலயே தாண்டிடுங்க. லேல இருந்து மணாலிக்குக் கிளம்பும்போது காருல டேங்கை ஃபுல் பண்ணிடுங்க. எதிர்ப்பக்கம் தாண்டிங்கிற ஊர்ல இருக்கிற பங்க்ல அடுத்த பங்க் 365 கி.மீன்னு போர்டு வச்சிருந்தாங்க, அதை வச்சே புரிஞ்சுக்கோங்க.

புல்லட்_பாண்டி:
காரு-ங்கிறது ஊர் பேரு சகோ, உங்க கார் இல்ல 😄 லேல இருந்து 35 கி.மீ. அப்புறம் நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, ஒரு நம்பரையாச்சும் போஸ்ட்பெய்டா மாத்திடுங்க. வாடகை வண்டியா இல்லாம சொந்த வண்டிங்கிறதால அங்க டாக்ஸி யூனியன் ஆளுங்க நிறுத்தினாலும் பிரச்சினை இருக்காது, ஆர்சி ஒரிஜினல் கைல வச்சுக்கோங்க.

சேலத்து_டீசல்:
ஹாஹா நல்லவேளை சொன்னீங்க, நான் ரெண்டு தடவை படிச்சேன். அப்பாவுக்கு திங்கட்கிழமை டாக்டர் கிட்ட போறோம். அவர் இப்பவே குரங்கு குல்லா வாங்கி வீட்டுக்குள்ள போட்டுட்டு சுத்திட்டு இருக்காரு, இங்க சேலத்துல 38 டிகிரி.