பகா எண் சுழியில் முடியுமா? திங்கட்கிழமைக்குள் உதவி வேண்டும்

மஞ்சக்குப்பத்து அப்பா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு 2^61-1 என்ற பகா எண்ணைச் சார்ட்டில் போடுகிறாள். நான் எக்செல்லில் போட்டு, எல்லா இலக்கமும் தெரிகிற மாதிரி மாற்றி, கடையில் பெரிதாகப் பிரிண்ட்டும் எடுத்துவிட்டேன்: 2305843009213690000. பார்த்ததுமே "கடைசியில் சுழி இருந்தால் பத்தால் வகுபடுமே அப்பா" என்கிறாள். சரி என்று பைத்தானில் 2^61-1 அடித்தால் 62 என்கிறது!

லாஸ்பேட்டை தம்பி:
அண்ணே, பாப்பா சொன்னதுதான் சரி. எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், உங்கள் எண்ணுக்கு 19, அதனால் கடைசி நாலு இடத்தில் சுழியை நிரப்பிவிட்டது. பைத்தானில் ^ என்பது அடுக்கே இல்லை, இரும எண்களை பிட் பிட்டாக ஒப்பிடுகிற குறி; அதுவும் முதலில் 61-1 கழிந்துவிடும், அப்புறம் 2-ம் 60-ம் சேர்ந்து 62. இப்படி அடியுங்கள்: 2**61-1.

மஞ்சக்குப்பத்து அப்பா:
வந்துவிட்டது தம்பி, 2305843009213693951. ஆனால் பகா எண்தான் என்று காட்ட 3, 5, 7 என்று அந்த எண் வரைக்கும் வகுக்க லூப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், விடியற்காலையில் கரண்ட் போய், லேப்டாப்பும் அணைந்துவிட்டது.

லாஸ்பேட்டை தம்பி:
கரண்ட் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது. நொடிக்கு ஒரு கோடி வகுத்தாலும் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். வர்க்கமூலம் வரை போதும், சுமார் 152 கோடி. இன்னும் குறைக்கலாம்: அடுக்கு 61 பகா எண் என்பதால், இதற்கு வகுஎண் இருந்தால் அது 122-இன் (அதாவது 2 × 61) மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். 2^11-1 = 2047 = 23 × 89 பாருங்கள், 22+1, 88+1, இரண்டுமே 22-இன் மடங்கோடு 1. அப்போது சுமார் 1.24 கோடி எண்களை மட்டும் பார்த்தால் போதும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முதுநகர் வாத்தியார்:
வகுக்கவே வேண்டாம் சார். லூக்காஸ்-லெமர் சோதனை போடுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, எண்ணால் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். 31-க்கு (2^5-1): 4, 14, அப்புறம் 194-இன் மீதி 8, அப்புறம் 62-இன் மீதி 0. சுழி வந்தால் பகா எண். அடுக்கில் 2 குறைத்தால் எத்தனை படி என்று தெரியும், 31-க்கு அடுக்கு 5, அதனால் 3 படி; உங்கள் எண்ணுக்கு அடுக்கு 61, அதனால் 59 படிதான்.
சார்ட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எந்தெந்த அடுக்குக்கு இப்படிப் பகா எண் வரும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் கொடுத்த பட்டியலில் 61 விட்டுப்போய் 67 இருந்தது. 61 பகா எண் தருகிறது என்று 1883-இல் காட்டியவர் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார், கம்ப்யூட்டர் ஏது அப்போது! 2^67-1 பகா எண் இல்லை; அதை கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1903-இல் உடைத்தார்: 193707721 × 761838257287.

மஞ்சக்குப்பத்து அப்பா:
59-ஆவது படியில் சுழி விழுந்தது சார்! இந்தச் சுழி நல்ல சுழி. 127-ஐ (2^7-1) அவளே நோட்டில் போட்டுப் பார்த்தாள்: 4, 14, 67, 42, 111, 0. கண்காட்சியில் வருகிறவர்களை உட்கார வைத்துப் போடச் சொல்லப் போகிறாளாம். பழைய பிரிண்ட்டையும் பக்கத்திலேயே ஒட்டி, "இது பகா எண் இல்லை, ஏன்?" என்று எழுதிவிட்டாள். காசு வீணாகவில்லை.