வியட்நாம் பயணம்: வரலாற்று இடங்களில் எதை வைப்பது, எதை விடுவது?

மழைக்குருவி:

வணக்கம். தீபாவளி விடுமுறையில் வியட்நாம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் பையன், அப்புறம் மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் கோயில் என்றால் எப்படியாவது நடந்துவிடுவார். கையில் இருப்பது ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூட. டிராவல்ஸில் போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஹனோய், ஹா லாங் வளைகுடா, டா நாங், பெரிய கைகள் தாங்கிப் பிடிக்கும் அந்தத் தங்கப் பாலம், சைகோன் என்கிற ஹோ சி மின் நகரம், போர்க்காலத்தில் கெரில்லாக்கள் பதுங்கிய கு சி சுரங்கம் எல்லாம் இருக்கின்றன. பழைய தலைநகரமான ஹுவே இல்லை, பழைய சிவன் கோயில்கள் உள்ள மி சோனும் இல்லை. கேட்டால் "அங்க இடிஞ்ச செங்கல்தான் இருக்கு மேடம்" என்கிறார்கள். பையனுக்கும் எனக்கும் வரலாறு பிடிக்கும். இவ்வளவு தூரம் போய் மி சோனை விட்டுவிட்டு வருவது சரியா? போனவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டுப்பிரியை:

விடவே விடாதீர்கள். அந்தத் தங்கப் பாலம் 2018-இல் திறந்தது, கைகள் பார்க்கத்தான் கல், உண்மையில் கம்பி வலையும் ஃபைபர் கிளாஸும். படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மி சோனில் நான்காம் நூற்றாண்டில் இன்றைய நடு வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்தான், அதிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அரசர்கள் பலரும் அதே பள்ளத்தாக்கில் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். சுற்றிலும் மலை, நடுவில் சிவந்த செங்கல் கோபுரங்கள்.

பக்கத்தில் போய்ச் சுவரைப் பாருங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, நகம் நுழையாத அளவுக்கு ஒட்டியிருக்கும். ஒரு வகை மரப்பிசின் கலந்து ஒட்டியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். சுவரை எழுப்பி முடித்த பிறகுதான் அதன் மேலேயே உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள், அதனால் ஒரே சிற்பம் பல செங்கற்களின் மேல் விட்டுப்போகாமல் ஓடுகிறது. பழைய பகுதி வழவழப்பாக நிற்க, பிற்காலத்தில் பழுதுபார்த்த இடங்களில் சில உப்புப் பூத்து வெளுத்திருப்பதையும் பையனுக்குக் காட்டுங்கள்.

இடிந்த செங்கல் என்று அவர்கள் சொன்னார்களே, அது எப்படி இடிந்தது என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். 1969-இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அங்கேயே மிகப் பெரியதும் அழகானதுமான, ஆய்வாளர்கள் ஏ1 என்று எண் போட்ட கோபுரம் அதில் போய்விட்டது. குண்டு விழுந்த குழிகள் இன்றும் கோயில்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, புல் முளைத்து. போருக்குப் பிறகு 1980-களில் கசிமீர் க்வியாட்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் வந்து காட்டுக்குள் கிடந்து மீட்பு வேலை பார்த்தார், பக்கத்துப் பழைய துறைமுக ஊரான ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பிறகு 2017 முதல் நம் இந்தியத் தொல்லியல் துறை சில தொகுதிகளைச் சீரமைத்தது, அந்த வேலையின்போது 2020-இல் ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள், முழங்கால் வலி மறந்துவிடும்.

தேரோட்டி:

மி சோன் பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் தீபாவளி சமயம் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. நடு வியட்நாமில் அக்டோபரும் நவம்பரும் நல்ல மழைக்காலம். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவே, ஹோய் ஆன் இரண்டுமே வெள்ளத்தில் மூழ்கின, ஹோய் ஆன் பழைய தெருக்களில் படகு விட்டார்கள். முடிந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மே வந்தால் வெயில் கொளுத்தும், இருந்தாலும் மழையை விட அது பரவாயில்லை.

அப்புறம் ஹுவே. 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரசர்களின் தலைநகரம். கோட்டைக்குள்ளே நிறையக் கட்டடங்கள் 1968 போரில் அழிந்துவிட்டன, இன்று பல இடங்களில் வெறும் அடித்தளமும் புல்லும்தான். எஞ்சியதையும் மீட்டதையும் பார்க்கவே அரை நாள் போதாது. கோட்டைக்குள் ஒன்பது பெரிய வெண்கலக் கொப்பரைகள் வரிசையாக நிற்கும், 1830-களில் வார்த்தவை, ஒவ்வொன்றும் ஓர் அரசருக்கு. அவற்றின் மேல் மலை, ஆறு, மரம், பறவை, படகு, பீரங்கி என்று நாட்டில் உள்ளதையெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள், யானைகூட உண்டு. பையனை அங்கே விட்டால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டு இருப்பான்.

அரசர் சமாதிகள் ஊருக்கு வெளியே தனித்தனியாக இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். து டக் சமாதி குளமும் மரமும் மண்டபமுமாகப் பெரிய தோட்டம், அவர் உயிரோடு இருக்கும்போதே கட்டி, அங்கேயே தங்கிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். கட்டிய வேலையாட்கள் கொடுமை தாங்காமல் 1866-இல் கலகம் செய்த கதையும் அதற்கு உண்டு. காய் தின் சமாதியில் படிகள் அதிகம், செங்குத்து வேறு, மாமியாரை ஏற்றாதீர்கள். நீங்கள் ஏறிப் பாருங்கள், உள்ளே சுவர் முழுக்க உடைந்த பீங்கானும் கண்ணாடியும் பதித்த வேலைப்பாடு.

ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலோரமாக ஊர்ந்து போகும், இடது பக்கம் உட்காருங்கள்.

சைகோன்வாசி:

இங்கே வேலையில் இருக்கிறேன். நடுப்பகுதிதான் வரலாறு என்ற மாதிரி இருவரும் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஹனோயில் 1070-இல் தொடங்கிய இலக்கியக் கோயிலை எப்படி விடுவது? கன்பூசியஸுக்கு எடுத்தது, அப்புறம் அதுவே நாட்டின் உயர்கல்விக்கூடம் ஆனது. தேர்வில் வென்றவர்களின் பெயரையும் ஊரையும் வெட்டிய 82 கல்வெட்டுகள், ஒவ்வொன்றும் கல்லில் செய்த ஓர் ஆமையின் முதுகில். மழைக்காலத்தில்தான் போயாக வேண்டும் என்றால் நடுப்பகுதியை விட்டுவிட்டு வடக்கே போங்கள், அக்டோபர் நவம்பரில் ஹனோய் அருமையாக இருக்கும்.

கு சி பற்றி ஒரு வார்த்தை. சைகோனிலிருந்து போகவர அரை நாளுக்கு மேல் ஓடிவிடும், சுரங்கத்துக்குள் குனிந்தும் தவழ்ந்தும்தான் போக வேண்டும், பக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் துப்பாக்கி சுடும் சத்தம் ஓயாது. பெரியவர்களோடு நான் போக மாட்டேன். சுரங்கம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஹுவேக்கு வடக்கே வின் மோக் இருக்கிறது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஒரு மீனவக் கிராமமே மண்ணுக்குள் குடியிருந்த இடம், பிரசவ அறைகூட உண்டு, அங்கே குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். கு சி அளவுக்குக் குனிய வேண்டியதில்லை.

சைகோனில் இறங்கினால் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயிலும், தோன் தட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் 1975-க்குப் பிறகு அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். மாரியம்மனை இப்போது கும்பிட வருவது பெரும்பாலும் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். அவர்கள் சுவரில் நெற்றி வைத்து மெல்லிய குரலில் வேண்டுதலைச் சொல்வதைப் பார்க்கலாம். உங்கள் மாமியார் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

மழைக்குருவி:

மூவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் பேசினோம், தீபாவளி வேண்டாம், பையனுக்குப் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் போகிறோம். ஹனோய் கொஞ்சம், ஹுவே, ஹோய் ஆன், மி சோன், திரும்பும்போது சைகோன். ஹா லாங்கையும் தங்கப் பாலத்தையும் எடுத்துவிட்டோம். மி சோனில் மாமியார் நடக்க முடியுமா? டா நாங்கில் சம்பா நாட்டுச் சிற்பங்கள் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தை முன்னால் பார்ப்பதா, பின்னால் பார்ப்பதா?

தேரோட்டி:

ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அங்கே விடுமுறை, நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும், ரயில் டிக்கெட் கிடைக்காது, ஹோய் ஆனில் அறை விலை ஏறிவிடும். அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இ-விசா அரசுத் தளத்தில் 25 டாலர்தான், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் உண்டு, பார்த்துப் போடுங்கள்.

கல்வெட்டுப்பிரியை:

மி சோனில் வாசலிலிருந்து உள்ளே பேட்டரி வண்டி விடுகிறார்கள், அதற்குப் பிறகு தொகுதிக்குத் தொகுதி கொஞ்சம் நடக்க வேண்டும், பெரிய ஏற்றம் இல்லை. ஹோய் ஆனிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் செங்கல் சூடும் கூட்டமும் சேர்ந்துவிடும்.

அருங்காட்சியகம் முன்னால். நல்ல சிற்பங்களில் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கொண்டு வந்துவிட்டார்கள், அதனால் கோயில்களுக்குள் பல இடம் காலி. இ1 கோயிலின் பீடம் அங்கேதான் இருக்கிறது, சுற்றிலும் குகையில் தவம் செய்யும் முனிவர்கள், ஒருவர் குழல் ஊதுகிறார். அதே கோயிலின் முகப்பில் இருந்த பள்ளிகொண்ட பெருமாளும் அங்கேதான், தொப்புளிலிருந்து கிளம்பும் தாமரையில் பிரம்மா. இவற்றைப் பார்த்துவிட்டு மறுநாள் மி சோன் போனால் இ தொகுதியில் எது எங்கே இருந்தது என்று பையனே சொல்லிவிடுவான்.