அந்த 14 பேர் யார்?

செவ்வாய்பேட்டைக்காரன்:
பெரியப்பாவின் கொலுசுக் கடைக்கு இணையதளம் போட்டு, அதற்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் (ஜிஏ4) கோடையும் நான்தான் ஒட்டினேன். இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் 14 பேர், 15 பேர். அதிலும் குழந்தைக் கொலுசுப் பக்கத்தில்தான் கூட்டம். சந்தோஷமாகப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் அந்த மாடலுக்கென்றே 2 கிலோ வெள்ளியைப் பட்டறையில் கொடுத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் கல்லாப் பக்கம் உட்கார்ந்து, சற்றுமுன் தளத்துக்கு வந்தவர்களைக் காட்டும் ரியல்டைம் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3 என்று இருந்தது. ஒரு அம்மா குழந்தைக் கொலுசு கேட்க, கடைப்பையன் தன் போனில் நம் தளத்தைத் திறந்து டிசைன் காட்டினான். 3 என்பது 4 ஆனது. எழுந்துபோய் இன்னொரு பையனையும் திறக்கச் சொன்னேன். 5. கடையில் 11 பேர், ஆளுக்கொரு போன், போதாததற்கு இரண்டு கம்ப்யூட்டர். அவ்வளவுதான், அந்த 14 பேரில் 13 பேர் யாரென்று தெரிந்துவிட்டது.

கடையின் இன்டர்நெட் முகவரியான ஐபியை 'இன்டர்னல் டிராஃபிக்', அதாவது நம் ஆட்களின் வருகை என்று குறித்தேன். அப்போதும் எண்ணிக்கை குறையவில்லை. அந்த வருகையைக் கழிக்கும் ஃபில்டர் 'டெஸ்டிங்'கிலேயே நின்றிருக்கிறது, 'ஆக்டிவ்' ஆக்கிய பிறகுதான் வேலை செய்தது. அதற்கு முந்தைய கணக்கை ஃபில்டர் தொடாது.

ஏற்காட்டு வீடு:
எங்களுக்கு நேர் எதிராக நடந்தது. அத்தை ஏற்காட்டில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறார். மே மாதம், கோடை விழாக் கூட்டம். அனலிட்டிக்ஸில் பார்த்தால் புக்கிங் படிவம் அனுப்பியவர் ஒருவர்கூட இல்லை. ஸ்க்ரோலும் சொற்பம், பக்கத்தில் 90 சதவீதம் இறங்கினால்தானே அது பதிவாகும். தளத்தை மூடிவிடலாம் என்று சொல்லத்தான் மலைக்குப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும் வரை அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றே யோசனை.

அத்தை ஒரு நோட்டை நீட்டினார். போன் செய்த ஒவ்வொருவரிடமும் எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒரே பக்கத்தில் 9 இடத்தில் 'நெட்டில் பார்த்து'. போன் நம்பர் தளத்தின் உச்சியிலேயே இருக்கிறது. வந்தவர்கள் அதைத் தொட்டார்கள், பேசினார்கள், ரூம் எடுத்தார்கள். கீழே எதற்கு இறங்க வேண்டும்? நம்பரைத் தொடுவதை ஜிஏ4 தானாக எண்ணாது, எதை எப்போது எண்ணுவது என்று சொல்லும் கூகுள் டேக் மேனேஜரில் அதற்குத் தனியாக டிரிக்கர் வைக்க வேண்டும். இப்போது வைத்துவிட்டேன். அத்தை எழுதுவதையும் நிறுத்தவில்லை.

அம்மாப்பேட்டைத் தறி:
செவ்வாய்பேட்டை அண்ணே, ஐபி போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. பையன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் திறந்தால் ஐபி வேறு. மாறாத ஸ்டேடிக் ஐபி வாங்காவிட்டால் பிராட்பேண்ட் ஐபியும் மாறிக்கொண்டே இருக்கும். கடைப் பையன்களுக்கு டேக் (எண்ணும் கோடு) இல்லாத தனி கேட்டலாக் பக்கம் கொடுங்க, அதுதான் நிற்கும். தளத்தின் வடிவமைப்பான தீமிலும் டேக் மேனேஜரிலும் ஒரே டேக் இருக்கிறதா பாருங்க, இருந்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டாக விழும். நேர மண்டலம் இந்தியாதானா என்றும் பாருங்க. அப்புறம் டேட்டா ரிடென்ஷன், அதாவது வந்தவர்களின் விவரத்தை எத்தனை மாதம் வைத்திருக்கும் என்பது. எடுத்தவுடன் 2 மாதம் என்றுதான் இருக்கும், 14 ஆக்குங்க. வழக்கமான ரிப்போர்ட்டுக்கு அதனால் பாதிப்பில்லை, நாமே தோண்டிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரேஷனில்தான் அடி விழும்.

நான் பட்டது அதில்தான். தை முகூர்த்தத்துக்கு வெண்பட்டு பார்க்க வந்தவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எங்கே போனார்கள் என்று ஆவணிக்கு முன்னால் பார்க்கப் போனேன். ஒன்றும் இல்லை.

ஏற்காட்டு நண்பரே, நம்பரைத் தொட்டவரெல்லாம் பேசியவர் இல்லை. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்க.

செவ்வாய்பேட்டைக்காரன்:
சரி, கேட்டலாக் பக்கம் நேற்றே போட்டுவிட்டேன். பெரியப்பாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "வெள்ளி கெட்டா போகும், வெச்சு விக்கலாம்டா" என்றார், ஒரு வார்த்தை திட்டவில்லை. 41 ஜோடி இன்னும் ஷோகேசில் இருக்கிறது. கடைக்குப் போகும்போதெல்லாம் முதலில் கண் அங்கேதான் போகிறது.