வில்லுப்பாட்டுக் குழுவின் சம்பளம் குறித்து விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளை அருகே எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுக் குழு ஒன்றை அழைக்கவிருக்கிறோம். வில்லடித்துக் கதை சொல்லும் புலவர், குடம், உடுக்கை, தாளம், கட்டை வாசிப்பவர்கள் ஆகியோரின் சம்பளத்துடன் வண்டி வாடகை, சாப்பாடு, ஒலிபெருக்கி, நள்ளிரவு தாண்டி நீளும் கதைக்கான கூடுதல் தொகை ஆகியவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுவதா, தனித்தனியாகப் பேசுவதா என்பது எங்களுக்குத் தெளிவாகவில்லை.

கொடைக் காலத்துச் செவ்வாய், வெள்ளி இரவுகளில் பல கோயில்கள் ஒரே குழுவைத் தேடுவதால் தொகை உயர்வது நியாயமே. மேடையில் நாம் கேட்கும் சில மணி நேரத்துக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருப்பதால், பேரம் பேசி அவர்களைப் புண்படுத்த எனக்கு மனமில்லை.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம், மழையால் நிகழ்ச்சி நின்றால் என்ன செய்வது என்பதையும், கேரள எல்லையில் உள்ள பாறசாலைப் பக்கம் செண்டைமேளக் குழுவை இதுபோல் தொகை பேசி அழைத்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.