மாமல்லபுரம் ரிசார்ட்: அம்மாவின் சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை

கேள்வி:
பொங்கல் விடுமுறைக்கு அம்மாவை மாமல்லபுரம் அழைத்துப்போக ரொம்ப ஆசை. பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். எந்த ரிசார்ட்டைக் கேட்டாலும் "வீல்சேர் வசதி உண்டு" என்கிறார்கள். முன்பணம் கட்டும் முன் என்ன விசாரிக்க வேண்டும்?

பதில்:
அளவைக் கேளுங்கள். முக்கியமாகக் குளியலறைக் கதவு. சாதாரண நாற்காலியே 65 செ.மீ. அகலம் வரும், கதவைத் திறந்தால் 80 செ.மீ.யாவது வழி வேண்டும், 90 என்றால் நிம்மதி. வாசற்படி, கழிப்பறைக் கைப்பிடி, கட்டில் உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்கிறேன். அதே அறைதான் தருவோம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு பதில்:
சாய்தளம் 1:12-ஐவிட (ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம்) செங்குத்தாக இருந்தால் தள்ளுவது சிரமம். குளியல் நாற்காலியைச் சென்னையிலேயே வாடகைக்கு எடுத்துக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மணலில் சாதாரண சக்கரம் புதையும். கடல் தெரியும் தரைத்தள அறையாகப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க நான் ஒருத்திதான். கட்டில் எவ்வளவு உயரம் இருக்கலாம்?

பதில்:
மெத்தையோடு சேர்த்து நாற்காலி இருக்கையின் உயரமே, சுமார் 50 செ.மீ.